யாரும் கேட்டு வராத பை

அவரை எல்லோரும் ஜிப்புக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். பேருந்து நிலையத்தின் பின்வாசலை ஒட்டி, ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடம்தான் அவருடைய கடை. வாசல் பக்கம் மட்டும் நிமிர்ந்து நிற்கலாம். உள்ளே போகப்போகத் தலை தானாகக் குனிந்துவிடும். ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், ஜிப் ஓட்டிகளும் ஆணிகளும் குட்டிச் சக்கரங்களும் கலந்து கிடக்கும் இழுப்பறை, சுவரோடு சேர்த்து அடித்த இரும்பு ரேக். ரேக் நிறையப் பைகள், பெட்டிகள்.

கை வேலையில் சுத்தம். வாய் வேலையில் அதைவிட. கைப்பிடி பிய்ந்த பெட்டி வந்தால், "வீட்டோட நிலைக்கதவையும் கழட்டி உள்ள வச்சீங்களா?" என்று கேட்பார். ஜிப் பல் பெயர்ந்து வந்தால், "மேல ஏறி உட்கார்ந்து மூடினது யாரு, நீங்களா வீட்டுக்காரரா?" என்பார். வெளிநாடு போகிறவர்கள் பெரிய பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டால் அன்றைக்கு அவருக்கு நல்ல நாள். "இவ்வளவு தூக்கிட்டுப் போறவன் ஊருக்குப் போகலைங்க, வீடு மாத்துறான். நான் போனா ஒரு கைப்பைதான். மூணு மாசமா இருந்தாலும் சரி, ஆறு மாசமா இருந்தாலும் சரி." அவர் விமானத்துக்குள் கால் வைத்ததே இல்லை என்பது இந்தப் பேச்சுக்கு ஒருநாளும் குறுக்கே வந்ததில்லை.

அந்த வாய்ப்பு நிஜமாகவே வந்தது. மகள் வெளிநாட்டில் ஒரு பல் மருத்துவமனையில் வேலை பார்த்தாள். பிரசவத்துக்கு அம்மா போய் இருந்துவிட்டு வந்தாயிற்று. இப்போது மகளுக்கு விடுப்பு முடிகிறது. குழந்தைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க மூன்று மாதம் ஆகும் என்று சொல்லிவிட்டார்கள். மனைவிக்கு முழங்கால் தகராறு, இன்னொரு தடவை அவ்வளவு தூரம் உட்கார்ந்து போக முடியாது. "நீ கடையைப் பார்த்துக்கோ, நான் பேத்தியைப் பார்த்துக்கறேன்" என்று ஜிப்புக்காரர் தானாக முன்வந்தார்.

மகள் போனில் கேட்டாள்: "அப்பா, பெட்டியோட டிக்கெட் போடவா, கைப்பை மட்டும் போதுமா?"

"கைப்பை போதும்மா. உங்கப்பன் என்ன தொழில் பண்றான்னு மறந்துட்டியா?"

"மூணு மாசம்பா. இங்க குளிர் வேற."

"குளிருக்குப் போடுறதை உடம்புல போட்டுட்டு வந்துட்டா அது பையில சேராது. நீ டிக்கெட்டைப் போடு."

போட்டுவிட்டாள். அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது, வீட்டில் ஒரு நல்ல பை கிடையாது என்று. இருந்ததில் ஒன்று உரக் கம்பெனி விளம்பரம் போட்ட ரெக்சின் பை. இன்னொன்றுக்குக் கைப்பிடியாகக் கம்பி. சம்பந்தி வீட்டார் வந்துபோகிற இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியுமா? புதிதாக வாங்கலாம்தான். ஆனால் கடையில் விற்கிற பைகளின் யோக்கியதை அவருக்குத் தெரிந்த மாதிரி யாருக்குத் தெரியும்? எதை எடுத்துப் பார்த்தாலும் "நாலு நடைக்குத் தாங்காது" என்று வைத்துவிட்டு வந்தார்.

அவர் கண் ரேக்கின் மேல்தட்டுக்குப் போனது. கரும்பச்சைக் கான்வாஸ் பை. ஓரமெல்லாம் தோல் வைத்துத் தைத்தது. இழுத்தால் சத்தமில்லாமல் நீண்டு வரும் கைப்பிடி. விமானத்தில் தலைக்கு மேல் வைப்பதற்கென்றே பிறந்த அளவு. ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா சக்கரம் உடைந்துவிட்டது என்று கொண்டுவந்து கொடுத்தது. "அவசரமில்லைங்க, அடுத்த வாரம் வரேன்" என்று போனவர், சக்கரம் மாற்றி வைத்த பிறகும் வரவேயில்லை. ஜிப்புக்காரர் சில தடவை போன் போட்டுப் பார்த்தார், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

வீட்டுக்கு அதைக் கொண்டுவந்ததும் மனைவி கேட்டாள்: "இது அந்த டீச்சரம்மாவோடது இல்ல?"

"கடை போர்டுல என்ன எழுதியிருக்கு? மூன்று மாதத்துக்குள் பெற்றுக்கொள்ளாத பைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல."

"பொறுப்பில்லன்னுதானே எழுதியிருக்கு? நம்மளுதுன்னு எழுதலையே."

"போயிட்டு வந்து பழையபடி ரேக்குல வச்சிடப் போறேன். பை என்ன தேஞ்சா போயிடும்?"

"அப்ப அவங்க பேரு எழுதின சீட்டு அப்படியே இருக்கட்டும்."

கைப்பிடிக்குக் கீழே, தோல் சீட்டு ஒன்றில், அழகான சாய்வெழுத்தில் டீச்சரம்மா தன் பெயரை எழுதி வைத்துத் தைத்திருந்தார். மறுநாள் கடையில், நூல் அறுக்கிற பிளேடால் நாலு பக்கமும் தையலை அறுத்து அதை எடுத்தார். குப்பையில் போடக் கை வரவில்லை. பையில் விட்டுவைக்கவும் மனம் வரவில்லை. இழுப்பறையில் ஜிப் ஓட்டிகளுக்கு அடியில் தள்ளிவிட்டு, பையின் தோலுக்கு எண்ணெய் போட்டுத் துடைத்தார்.

பை அடுக்குவதை அவர் ஒரு விசேஷம் போலச் செய்தார். சட்டைகளை மடிக்காமல் சுருட்டினார். உள்ளாடைகளைச் சட்டைகளுக்கு நடுவில் இருந்த இடுக்குகளில் சொருகினார். கனமான காலணியைப் போட்டுக்கொள்வது, லேசான செருப்பைப் பையில் வைப்பது. பக்கப் பை ஒன்றில் சவரச் சாமான், இன்னொன்றில் காலுறை. பேத்திக்கு வாங்கிய மெல்லிய பருத்திச் சட்டைகளை ஓரங்களில் பஞ்சு மாதிரி அடைத்தார். பழைய பேப்பர் கடைக்காரரிடம் கொக்கித் தராசை வாங்கித் தூக்கிப் பார்த்தார். விமானக் கம்பெனி சொன்ன எடைக்கு உள்ளேயே நின்றது.

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வேடிக்கை பார்க்க வந்தார். "மூணு மாசத்துக்கு இவ்வளவுதானா? மாமியார் வீட்டுக்கு ரெண்டு நாள் போறதுக்கே நான் இதைவிட அதிகமா எடுப்பேனே."

"நீங்க கிளம்புற வேகத்துல, திரும்பி வர்ற எண்ணமே இல்லாமல்ல எடுப்பீங்க" என்றார் ஜிப்புக்காரர்.

விமான நிலையத்திலும் அவர் கொடிதான் பறந்தது. முன்னால் ஒரு குடும்பம் தரையில் பையைத் திறந்து போட்டு, எதை எடுப்பது எதை விடுவது என்று திணறிக்கொண்டிருந்தது. இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், அதன்மேல் கோட்டு என்று வேர்த்து வழிய நின்றபடியே அவர்களுக்குச் சுருட்டிக் காட்டினார். அளவு பார்க்கிற இரும்புக் கூட்டுக்குள் கரும்பச்சைப் பை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

"நல்ல பை சார்" என்றாள் அங்கே நின்ற பெண்.

"நம்ம பைதான். ரொம்ப நாளா வச்சிருக்கேன்."

சொன்னதும் முகம் சுட்டது. கோட்டுதான் காரணம் என்று நினைத்துக்கொண்டு மேல் பட்டனைக் கழற்றிவிட்டார்.

மகள் வீடு ஒரு பழைய அடுக்குமாடியின் மூன்றாவது தளத்தில், சமையலறையும் கூடமும் ஒன்றாக இருக்கிற சின்ன வீடு. மாப்பிள்ளைக்கு அவர் வந்து இறங்கிய விதம் ஆச்சரியம். "இதுல மூணு மாசமா மாமா? நான் ஆபீசுக்கே இதைவிடப் பெரிய பை எடுத்துட்டுப் போறேன்." படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பினார். அந்த வார விடுமுறையில் நண்பர்கள் குடும்பத்தோடு வந்தபோது, மாமனாரைச் சாப்பாட்டு மேசையில் பையைத் திறந்து வைத்து அடுக்கிக் காட்டச் சொன்னார். ஜிப்புக்காரருக்குக் கேட்கவா வேண்டும்? எடுத்தார், பிரித்தார், சுருட்டினார், மூடினார். ஊருக்குப் போகிறவன், வீடு மாற்றுகிறவன் என்ற பழைய வசனத்தையும் எடுத்துவிட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"இந்த மாதிரிப் பை எங்க கிடைக்கும் அங்கிள்?" என்று கேட்டாள் கீழ்த்தளத்தில் குடியிருந்த பெண். மாப்பிள்ளையோடு வேலை பார்ப்பவரின் மனைவி.

"இதெல்லாம் கடையில கிடைக்காதும்மா. நானே அளவு சொல்லித் தைக்க வச்சது."

மகள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். அவள் விரல் பையின் கைப்பிடிக்குக் கீழே, ஊசித் துளைகள் நாலு வரிசையாக ஒரு கட்டம் போட்டிருந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு விலகியது. அவருக்கு அதைக் கவனிக்கிற நிலைமை அப்போது இல்லை.

நாட்கள் நன்றாகத்தான் போயின. பேத்திக்குப் பாலைச் சூடு பார்த்துக் கொடுக்க, துணி மாற்ற, தள்ளுவண்டியில் வைத்துப் பூங்காவைச் சுற்றிவர எல்லாம் பழகிக்கொண்டார். ஒரு பிற்பகல், குழந்தை தூங்க, துவைத்த குட்டித் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது ஊரிலிருந்து மனைவி போனில் கூப்பிட்டாள்.

"அந்த டீச்சரம்மா வந்திருந்தாங்க."

"யாரு?"

"யாருன்னு உங்களுக்குத் தெரியும்."

கையில் இருந்த துணியைக் கட்டிலில் வைத்தார்.

மனைவி ஒரே மூச்சில் சொன்னாள். டீச்சரம்மா வீட்டுப் படியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டதாம். தங்கை தன் ஊருக்கே கூட்டிப் போய்விட்டாளாம். மாசக்கணக்கில் படுக்கை. இப்போதுதான் கோல் ஊன்றி நடக்கிறார். வெளிநாட்டில் இருக்கிற அண்ணனுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போக வேண்டும். "பெரிய பெட்டியெல்லாம் என்னால இழுக்க முடியாதும்மா, ஒரு கைப்பைதான், அதுவும் சக்கரம் வச்சதா இருந்தாதான் ஆகும், அதான் தேடி வந்தேன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"முதல்ல பொய்தான் சொன்னேன். உங்களோட இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேனே. அவர் ஊருல இல்ல, எது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதுன்னேன். அவங்க கோலை ஊனிக்கிட்டு ரேக்குல ஒவ்வொண்ணா பார்த்தாங்க. ரசீதைப் பத்திரமா வச்சிருந்தாங்க, எடுத்துக் காட்டினாங்க. நான் ரசீது அடிக்கட்டையைத் தேடுற மாதிரி இழுப்பறையை இழுத்தேன். அந்தச் சீட்டு கையில வந்துடுச்சு."

"பார்த்துட்டாங்களா?"

"அவங்க பேரு, அவங்க கையெழுத்து. எப்படிப் பார்க்காம இருப்பாங்க? அப்புறம் நான் மறைக்கல. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

"திட்டினாங்களா?"

"திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். கால் வலிக்குது, கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போறேன்னு ஸ்டூல்ல உட்கார்ந்தாங்க. தண்ணி குடுத்தேன். இந்த ரேக்குல எந்தப் பை வேணும்னாலும் எடுத்துக்கோங்கம்மான்னேன். 'அதுவும் வேற யாரோடதோ தானேம்மா'ன்னாங்க. எனக்கு எங்க போய் முகத்தை வச்சுக்கறதுன்னு தெரியல."

அவர் கேட்டார்: "போர்டைப் பத்திச் சொன்னியா?"

கேட்ட உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"போர்டுக்குக் கீழதான் உட்கார்ந்திருந்தாங்க. டீச்சர்தானே, படிச்சிருப்பாங்க" என்று சொல்லி மனைவி போனை வைத்துவிட்டாள்.

அவர் எழுந்து போய் அலமாரிக்குப் பக்கத்தில் நின்ற பையைக் கட்டிலில் வைத்துத் திறந்தார். தன்னுடைய சாமான்களை எல்லாம் வெளியே எடுத்தார். காலியான பை, உள்துணியின் ஓரத்தில் எப்போதோ சிந்திய பேத்தியின் பால் கறையோடு, வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அவர் பேசிய பேச்செல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தது. நம்ம பைதான். ரொம்ப நாளா வச்சிருக்கேன். நானே அளவு சொல்லித் தைக்க வச்சது. தனியாக இருக்கிற அறையிலேயே முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

மாலையில் மாப்பிள்ளை வந்ததும், சாதாரணமாகப் பேசுகிற குரலில் கேட்டார்: "மாப்பிள்ளை, இந்தப் பையை ஊருக்கு அனுப்பி வைக்க முடியுமா?"

"ஏன் மாமா, உங்களுக்கு வேண்டாமா?"

"ஒருத்தங்களுக்குக் குடுக்கறதா இருக்கு. வயசானவங்க. கால் முடியாதவங்க. அவசரமா வெளிநாடு போறாங்க."

மாப்பிள்ளை மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "உங்கப்பாவைப் பாரேன். ஆசையாத் தைக்க வச்ச பையைத் தூக்கிக் குடுக்கறார். பெரிய மனசு மாமா உங்களுக்கு."

அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். மாப்பிள்ளை குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனபிறகு, பால் புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த மகளின் பக்கத்தில் போய் நின்றார். அவள் முகத்தைப் பார்க்காமல், குழாயிலிருந்து விழுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தார்.

மகள் புட்டியைக் கவிழ்த்து வைத்தாள். "எனக்குத் தெரியும்பா. உங்க பை இல்லன்னு அன்னைக்கே தெரியும்."

"எப்படிம்மா?"

"சீட்டு அறுத்த தடம் இருக்கே." அடுத்த புட்டியை எடுத்தாள். "எனக்கு ஸ்கூலுக்கு ஒரு நீலப் பை குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. வாத்துப் படம் போட்ட பை. யாரோ கொடுத்துவிட்டுக் கேட்டு வராதது. அவள் அதைக் கட்டிக்கொண்டு தூங்கினாள்.

"நீங்க வெளியதான் துடைச்சிருந்தீங்க. உள்ள ஒரு ஓரத்துல பேனாவுல பேரு எழுதியிருந்துச்சு. என் வகுப்புப் பொண்ணு பேரு. அவ எல்லார் முன்னாடியும் விரிச்சுக் காட்டினா. எங்கப்பா கடையில வாங்கிக் குடுத்தாருன்னு நான் அழுதுக்கிட்டே சொன்னேன். யாரும் நம்பல. அப்புறம் என் புத்தகத்தையெல்லாம் வெளிய எடுத்துட்டு அவகிட்டயே குடுத்துட்டேன்."

"பஸ்ல தொலைச்சுட்டேன்னு சொன்னியே."

"ஆமா. நீங்க அடிச்சீங்க."

அதுவும் ஞாபகம் இருந்தது. ஒரு பையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளத் தெரியாதா, அடுத்தவன் சாமானை எத்தனை ஜாக்கிரதையாக நான் வைத்திருக்கிறேன் பார் என்று சொல்லிச் சொல்லி அடித்தது.

"அப்பவே ஏம்மா சொல்லல?"

"சொன்னா உங்களுக்கு அசிங்கமா இருக்கும்னு நினைச்சேன்."

அவர் பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்து, ஏற்கெனவே காய்ந்திருந்த மேடையைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். மகள் குழாயை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அவர்கிட்ட நான் சொல்லட்டுமா, நீங்க சொல்றீங்களா?"

"நானே சொல்றேன்."

சொன்னார். மாப்பிள்ளை முதலில் வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "பரவாயில்ல மாமா, அனுப்பிடலாம்" என்று மட்டும் சொன்னார். அதன்பிறகு அவர் மாமனாரிடம் காட்டிய மரியாதை ஒரு படி கூடியது. சிரித்துப் பேசுவது இரண்டு படி குறைந்தது. அந்த மரியாதை ஜிப்புக்காரருக்குச் சட்டைக்குள் விழுந்த முடி மாதிரி நாள் பூராவும் குத்தியது.

தபாலில் அனுப்பினால் எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கீழ்த்தளத்துப் பெண் ஊருக்குப் போகிறாள், பெரிய பெட்டிகளோடு போகிறாள் என்று மகள் சொன்னாள். அவர் தானே இறங்கிப் போய்க் கதவைத் தட்டினார்.

"பெட்டிக்குள்ள இன்னொரு பையா அங்கிள்?" அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நீங்கதானே சொன்னீங்க, பெரிய பெட்டி தூக்கறவங்க ஊருக்குப் போகல, வீடு மாத்துறாங்கன்னு? பாருங்க, இப்ப உங்க வீட்டையும் சேர்த்து நான்தான் மாத்தணும்."

"என் பை இல்லம்மா. ஒருத்தங்களோடது. அவங்களைக் கேட்காம எடுத்துட்டு வந்துட்டேன்."

அவளிடம் இதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். சொல்லிவிட்டார். அவள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "குடுங்க அங்கிள்" என்று வாங்கிக்கொண்டாள். கொடுப்பதற்கு முன்னால் சக்கரங்களில் ஒட்டியிருந்த மண்ணைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுத்திருந்தார். பால் கறை முழுதாகப் போகவில்லை.

ஆனால் பை நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. மனைவி அதை வாங்கிக்கொண்டு, ரசீது அடிக்கட்டையில் இருந்த முகவரிக்கு முழங்கால் வலியோடு தேடிப் போனாள். வீடு பூட்டியிருந்தது. டீச்சரம்மா போன வாரமே விமானம் ஏறிவிட்டார் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாராம். "ஒரு கையில கோலு, தோள்ல துணிப்பையைத் தொங்க விட்டுக்கிட்டுப் போனாங்களாம்" என்றாள் மனைவி. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அவர் கேட்க வேண்டும் என்றே சொன்னாள்.

மிச்சமிருந்த நாட்களில் அவர் யாருக்கும் பை அடுக்கிக் காட்டவில்லை. விருந்தாளிகள் வந்தால் பேத்தியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். திரும்பும்போது மகள் ஒரு புதுப் பை வாங்கிக் கொடுத்தாள். கடை ரசீதை மடித்து அதன் உள்பக்கத்து ஜிப்புக்குள் அவளே வைத்தாள். குத்திக் காட்டத்தான் வைத்தாளா, பை பிய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம் என்று வைத்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியம் வரவில்லை.

அவர் ஊருக்கு வந்து சில வாரம் கழித்து டீச்சரம்மா திரும்பிவிட்டதாகத் தெரிந்தது. ஜிப்புக்காரர் தோல் சீட்டை எடுத்து, மிஷினில் வைக்காமல், கையாலேயே பழைய துளைகள் வழியாக ஊசியை விட்டு விட்டுத் தைத்தார். பிறகு பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். சக்கரத்தை உருட்டிக்கொண்டு போக மனம் ஒப்பவில்லை.

கதவைத் திறந்த டீச்சரம்மா அவரை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "ஜிப்புக்காரரா? உள்ள வாங்க. பேத்தி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா டீச்சர். உங்கண்ணன்?"

"தேறிட்டார். எழுந்து நடக்கிறார்." ஒரு கையால் மறு தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே பேசினார். "எனக்குத்தான் இது பிடிச்சுக்கிச்சு. பையைத் தொங்க விட்டுக்கிட்டு நடந்தது."

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள் ஒன்றுகூட ஜிப்புக்காரருக்கு வரவில்லை. "தப்பு பண்ணிட்டேன் டீச்சர்" என்றார்.

பரவாயில்லை என்று டீச்சரம்மா சொல்லவில்லை. "ஆமா" என்றார். "எனக்கு அன்னைக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு. பை போனதுக்கு இல்ல. எத்தனையோ சாமான் போகுது வருது. என் பேரை அறுத்து எடுத்திருந்தீங்களே, அதுக்கு. அத்தனை மாசம் படுக்கையில கிடந்தேன் பாருங்க. இவ இனிமே வர மாட்டான்னு வெளிய எல்லாரும் முடிவு பண்ணிட்டாங்க போலன்னு தோணிச்சு."

டீச்சரம்மா உள்ளே போய்ப் பர்ஸை எடுத்துக்கொண்டு வந்தார். "சக்கரம் மாத்தினதுக்குக் கூலி நான் இன்னும் தரல. எவ்வளவு?"

"ஐயோ, வேண்டாம் டீச்சர்."

"வேண்டாம்னு சொல்லாதீங்க. வேலைக்குக் கூலி வேற, இது வேற. ஒண்ணுல ஒண்ணைக் கழிச்சுக்க வேண்டாம்."

அவர் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் எத்தனையோ பேரிடம் கூலி வாங்கியிருக்கிறார். பேரம் பேசி, சண்டை போட்டு, சிரிக்க வைத்து வாங்கியிருக்கிறார். அந்தப் பணத்தை எந்தப் பையில் வைப்பது என்று தெரியாமல் தெருமுனை வரை கையிலேயே பிடித்துக்கொண்டு போனார்.

வீட்டில் மனைவி கேட்டாள்: "என்ன சொன்னாங்க?"

ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். பேர் அறுத்ததைப் பற்றிச் சொன்னதையும் சொன்னார். மனைவி இரண்டு தட்டுகளை எடுத்து வைத்தாள். பிறகு, "கை கழுவிட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றாள். அவர் ஊரிலிருந்து திரும்பியதிலிருந்து, அவள் அவரோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

அதற்கப்புறம் அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் கடையைத் திறப்பதில்லை. ரேக்கில் கேட்பாரில்லாமல் கிடந்த பைகளில் ஒன்றிரண்டை எடுத்துக்கொண்டு, அடிக்கட்டையில் இருந்த முகவரிகளைத் தேடிப் போனார். பலர் வீடு மாறியிருந்தார்கள். சிலர், "இதையா இன்னும் வச்சிருக்கீங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே" என்று அலுத்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில், பையைக் கொடுத்துவிட்டுப் போனவர் இறந்து போயிருந்தார்; அவருடைய மகன் பையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்துவிட்டான். ஜிப்புக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தார்.

மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே புதிதாக வந்த குடியிருப்பில் ஒரு பள்ளிப் பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்த வீட்டு மனிதர் நனைந்து நின்ற அவருக்குத் துண்டு கொடுத்தார், டீ கொடுத்தார். தன் பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையாக நிற்க வைத்தார்.

"பாருங்கடா, இவரைப் பாருங்க. ஒரு பழைய பைக்காக மழையில இவ்வளவு தூரம் வந்திருக்கார். இப்படி ஒரு நேர்மையான மனுஷனை இந்தக் காலத்துல எங்க பார்க்க முடியும்?"

பிள்ளைகள் நிமிர்ந்து பார்த்தார்கள். ஜிப்புக்காரர் பாதி டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுங்க" என்று சொல்லிவிட்டு, மழை நிற்பதற்குள்ளேயே படியிறங்கிப் போனார்.